நாலு கமராவும் ஒரு தவிலும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஊரில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விழா என்று வீடியோ எடுக்கிறவர்களும் எடுப்பிக்கிறவர்களும் ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் ஊடகக் கழகப் பிள்ளைகள் அளவெட்டியில் ஒரு கோயில் திருவிழாவின் இரவு மேளக்கச்சேரியை நாலு கமராவில் பதிவு செய்தார்கள். நாலு கமரா என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். என்னுடைய பழைய கமரா ஒன்று, பிள்ளைகளின் வீட்டுப் போன் இரண்டு, வெளிநாட்டில் இருந்து லீவில் வந்து நின்ற ஒருவரின் போன் ஒன்று. ஒரு போன் தவில்காரருக்கு முன்னால் இரண்டு மீற்றரில். இன்னொன்று நாதஸ்வரக்காரர் பக்கம். மூன்றாவது மண்டபத் தூணோடு கட்டி வைத்தது. என் கமரா மட்டும் ட்ரைபொட்டில், வாசலடியில், ஏறத்தாழ நாற்பது மீற்றர் தள்ளி. அதில் தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் இருந்ததால் சனத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் அங்கே நிறுத்தினோம்.

உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி எடிட்டிங் செய்தாள். காசு கொடுத்து வாங்காத மென்பொருள்தான். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு. நாலு பைலையும் தெரிவு செய்து, ஒலியை வைத்துப் பொருத்து என்று ஒரு கட்டளை கொடுத்தாள். சில செக்கன்களில் நாலும் டைம்லைனில் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சரியாக வந்து நின்றன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அவள் ஒவ்வொரு கமராவாக மாற்றி மாற்றி வெட்டினாள். என் கமராவின் காட்சிதான் வடிவாக இருந்தது, பின்னால் தீபங்கள் எல்லாம் மங்கலாக மின்ன, தவில்காரரின் கை மட்டும் தெளிவாக. அதனால் அதையே கூடுதலாக எடுத்தாள். யூடியூப்பில் ஏற்றினோம். டொரொண்டோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பாராட்டு வந்தது.

இரண்டு கிழமை கழித்து அந்தத் தவில் வித்துவான் என்னைத் தேடி வந்தார். வயதானவர். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணி எடுப்பித்தேன். லப்டொப்பைத் திறந்து வீடியோவைப் போடச் சொன்னார். பேசாமல் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"சேர், உது என்ர கைதான். ஆனா உது நான் வாசிச்சதில்லை."

"ஏன் ஐயா, சத்தம் தெளிவாத்தானே இருக்கு?"

"சத்தமும் என்ர சத்தம்தான். ரெண்டும் ஒண்டை ஒண்டு பாக்குதில்லை."

கனடாவில் அவருடைய பேரன் ஒருவன் தவில் பழகுகிறானாம். இந்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறானாம். அவன்தான் போனில் கேட்டிருக்கிறான்: "அம்மப்பா, சில இடத்திலை உங்கட கை முந்துது, சத்தம் பிந்துது. நான் எதைப் பிடிக்கிறது?" கிழவர் வந்தது எங்களைக் குறை சொல்ல அல்ல. பேரனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கத்தான் வந்திருந்தார். எனக்குத்தான் முகம் சுருங்கிப் போனது. நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆள். பிள்ளைகளுக்குப் பெருமையாகக் காட்டிய கட்டளைதான் இந்தப் பிழையைச் செய்திருக்கிறது.

அன்று பின்னேரம் இருந்து தேடினோம். பிழை எங்கே என்று பிடித்தது நான் இல்லை, அந்தப் பிள்ளை. "சேர், உங்கட கமரா வாற இடத்திலை மட்டும்தான் பிழை. மற்ற மூண்டிலையும் சரி." அதைக் கேட்டதும் விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் நானே படிப்பிக்கிற பாடம்.

ஒலி மெதுவாகப் போகிறது. வாணவெடி வானத்தில் வெளிச்சமாக விரிந்து கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது அல்லவா? கிரிக்கெட் மைதானத்தின் மறுகரையில் நின்றால், மட்டை பந்தில் பட்டதைக் கண்ட பிறகுதான் டொக் என்று கேட்கும். எங்கள் வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். நாற்பது மீற்றருக்கு அதற்கு 115 மில்லிசெக்கன் தேவை. வெளிச்சத்துக்கு அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை. ஆகவே என் கமராவில் கை விழுந்தது அந்த நேரத்திலேயே பதிந்தது, அதன் சத்தம் 115 மில்லிசெக்கன் பிந்திப் பதிந்தது. முன்னால் இருந்த போனில் 6 மில்லிசெக்கன்தான் பிந்தியது.

இனி மென்பொருள் என்ன செய்கிறது? அதற்குக் கண் இல்லை, காது மட்டும்தான். இரண்டு கமராவின் ஒலி அலைகளையும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, மேடும் பள்ளமும் மிகக் கூடுதலாக ஒத்துப் போகிற இடத்தில் நிறுத்துகிறது. என் கமராவின் சத்தம் பிந்தியிருந்தது. அதை முன்போனின் சத்தத்தோடு பொருத்துவதற்காக முழுப் பைலையும் 109 மில்லிசெக்கன் முன்னுக்கு இழுத்தது. சத்தத்தோடு சேர்ந்து படமும் முன்னுக்குப் போனது. ஒரு செக்கனுக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 40 மில்லிசெக்கன். கிட்டத்தட்ட மூன்று பிரேம் கை முந்திவிட்டது. பேரன் சொன்னது அச்சாவாகச் சரி.

மூன்று பிரேம் என்ன பெரிய விடயம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை ஒன்று இருக்கிறது. ஒலி படத்துக்கு 45 மில்லிசெக்கன் முந்தினாலோ 125 மில்லிசெக்கன் பிந்தினாலோதான் பார்க்கிறவர் கண்டுபிடிப்பார் என்று அது சொல்கிறது. எங்கள் 109 அந்த எல்லைக்குள்தான். அந்தக் கணக்கில் நாங்கள் பாஸ். ஆனால் அது சாதாரணமாக ரீவி பார்க்கிறவருக்கான கணக்கு. தவிலில் வேகமாக வாசிக்கும்போது ஒரு செக்கனுக்கு எட்டுத் தட்டு என்று வைத்தால், தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் 125 மில்லிசெக்கன்தான் இருக்கிறது. 109 பிந்தினால் கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு விலகிப் போகிறது. பிள்ளை பார்ப்பது அடுத்த விரல், கேட்பது முந்தின சொல். தரிகிட என்று நாலு சொல்லுக்கு எந்தெந்த விரல் என்று பார்த்துப் பழகுகிறவன் அத்தனையையும் ஒரு இடம் தள்ளிப் பழகுவான். பிறகு அதை மாற்றுவது இலேசல்ல என்று வித்துவான் சொன்னார். பழகிய கை மறக்காதாம்.

அவரிடம் அன்று நிறையக் கேட்டேன். தவிலின் வலப்பக்கம் வலந்தலை. அதை விரல்களில் கூடு போட்டு வாசிக்கிறார்கள். இடப்பக்கத்தைக் கழியால் அடிக்கிறார்கள், பூவரசில் செய்த கழி. அந்த இடப்பக்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். என் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "தொப்பி, சேர்."

சரி, எப்படித் திருத்தினோம்? மிகச் சின்ன வேலை. வாசல் கமராவின் ஒலியை மூடிவிட்டு அதன் படத்தை மூன்று பிரேம் பின்னுக்குத் தள்ளினோம். சரியா என்று பார்க்க ஒலி அலைக் கோட்டை நம்பவில்லை. வித்துவான் தனித்தவில் தொடங்கும் முதல் அடியில், கழி தோலைத் தொடுகிற அந்த ஒரு பிரேமை நாலு கமராவிலும் தேடிப் பிடித்து, கண்ணால் பொருத்தினோம். சினிமாக்காரர் படம் எடுக்கத் தொடங்க முன் கிளாப் பலகையை அடிப்பது இதற்காகத்தான். பலகை மூடுகிறதைக் கண் பார்க்கிறது, டக் என்பதைக் காது கேட்கிறது, இரண்டையும் ஒரு இடத்தில் வைத்தால் முடிந்தது. கோயிலுக்குள் பலகையோடு போய் நிற்க முடியாது. தேவையும் இல்லை. தவிலின் முதல் அடியை விட நல்ல கிளாப் எங்கே கிடைக்கும்?

வீடியோ எடுக்கிற தம்பிமார் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று பிரேம் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம். அன்று தவிலுக்கு மைக் வைக்கவில்லை. (தவிலுக்கு எதற்கு மைக் என்பது என் கருத்து, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) மைக் வைத்து, வாசலடியில் ஒலிபெருக்கிப் பெட்டியும் இருந்தால் சத்தம் வயரால் உடனே வந்து பெட்டியில் இருந்து கேட்கும், அப்போது பிந்தல் குறைந்துவிடும். பெட்டி எங்கே, கமரா எங்கே என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இடத்திலும் கணக்கு மாறும். கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் எல்லா இடத்துக்கும் சரிவரும். ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை, அதில் பெரும்பாலும் ஒலியே பதிவதில்லை.

இதைத் திருத்தி முடித்து ஆறுதலாக இருக்கும்போது இன்னொரு பிழை கண்ணில் பட்டது. தொடக்கத்தில் சரியாக இருந்த படம் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி விலகியிருந்தது. ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு சின்னப் படிகக் கடிகாரம் இருக்கிறது. இரண்டு கடிகாரம் ஒரே மாதிரி ஓடாது. பத்து இலட்சத்தில் முப்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 108 மில்லிசெக்கன் விலகும். மறுபடியும் அதே மூன்று பிரேம்! அதற்கு மேல், போன்கள் ஒரு செக்கனுக்கு 30 பிரேம் என்று சொல்லிக்கொண்டு சில நேரம் 29, சில நேரம் 30 என்று தன் விருப்பத்துக்குப் பதியும். வெளிச்சம் குறைந்தால் இன்னும் மோசம். ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முதலில் போட்டு, பிரேம் வேகத்தை நிலையாக்கிய பிறகுதான் எடிட்டிங்குக்கு எடுக்க வேண்டும் என்பதை அன்றுதான் படித்தோம். கடிகாரப் பிழைக்கு, ஒவ்வொரு உருப்படியும் முடிகிற இடத்தில் வெட்டி, அடுத்த உருப்படியின் முதல் அடியில் மறுபடி பொருத்தினோம். மூன்று இரவு போனது.

என் கமராவின் கதை வேறு. 29 நிமிடம் 59 செக்கனில் அது தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்யக்கூடியதை ஐரோப்பாவில் வீடியோ கமரா என்று கணக்கெடுத்துக் கூடுதல் சுங்கவரி விதித்த காலத்தில், போட்டோ கமரா செய்கிற கம்பனிகள் அந்த வரிக்குத் தப்ப வைத்த பூட்டு அது. எங்கேயோ ஒரு சுங்க அலுவலகத்தின் வரிக்காக அளவெட்டியில் ஒரு தனித்தவில் பாதியில் அறுந்தது. அந்த இடத்தில் நாங்கள் முன்போன் காட்சியை வைத்து ஒட்டியிருக்கிறோம், பார்த்தால் தெரியும்.

இனிமேல்தான் என் கருத்து.

இந்தத் திருத்தத்தை முகநூலில் சின்னதாக எழுதியபோது என் பழைய மாணவன் ஒருவன், இப்போது இந்தப் பக்கம் கலியாண வீடியோ எடுக்கிறவன், போன் பண்ணினான். "சேர், மன்னிக்கோணும், நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனா கலியாண வீட்டிலை ஆர் சேர் தவில்காரற்ற கையைப் பாக்கினம்? பொம்பிளையின்ர முகத்தைத்தான் பாக்கினம். ரெண்டு நாளிலை ஹைலைற்ஸ் குடுக்கோணும். மூண்டு இரவு முழிச்சிருக்க எனக்கு ஆர் காசு தாறது?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலியாணத்துக்கு மூன்று பிரேம் பார்க்கச் சொல்லி அவனுடைய வயிற்றில் அடிக்க மாட்டேன். ஆனால் அவனிடம் ஒன்று கேட்டேன். கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் நீ என்ன சத்தம் வைக்கிறாய்? சிரித்தான். சினிமாப் பாட்டு. இரண்டு தவில்காரர் உயிரைக் கொடுத்து அடிக்கிறார்கள், கழி பறக்கிறது, வியர்வை சிந்துகிறது, கேட்பதோ ஒரு புல்லாங்குழலும் வயலினும். தாலி கட்டிய நேரத்தில் அந்த மண்டபத்தில் உண்மையில் என்ன கேட்டது என்பது அந்தத் தம்பதிக்கு இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை. எங்கள் நிக்காஹ் வீடியோக்களும் திறமில்லை. குத்பா ஓதுகிற மௌலவியின் வாய் ஒரு பக்கம் அசையும், மேலே வேறு யாரோ பாடிய நஷீத் ஓடும்.

படத்துக்கு மேல் பாட்டுப் போட்டால் எதையும் எதோடும் பொருத்தத் தேவையில்லை. பொருத்தும் வேலை தேவையில்லாமல் போனதால்தான் அந்தப் பழக்கமே எங்கள் பொடியளிடம் வரவில்லை. பிறகு அதே கை, அதே பழக்கத்தோடு, கோயில் மேளத்தையும் அரங்கேற்றத்தையும் எடுக்க வருகிறது. போன தவணை ஒரு பள்ளிக்கூட விழா வீடியோவில் பரதநாட்டியம் பார்த்தேன். பிள்ளையின் கால் தரையில் பட்டு, தூக்கி, மறுபடி படப் போகிற நேரத்தில் சலங்கை கேட்கிறது. பார்க்கிற தாய்தகப்பனுக்குத் தங்கள் பிள்ளை தாளம் பிந்தி ஆடுகிறாள் என்றுதான் தெரியும். பிள்ளை பிந்தவில்லை. எடிட்டிங் பிந்தியது. பழி யார் தலையில்?

ஆகவே நான் சொல்வது இது, சிலருக்குப் பிடிக்காது. மேளக்கச்சேரியையும் தனித்தவிலையும் நாலு கமராவில் பிழையாகப் பொருத்துவதை விட, ஒரே ஒரு கமராவை மூன்று மீற்றரில், இரண்டு கையும் முகமும் தெரிய, அசையாமல் வைத்துவிடுவது எவ்வளவோ மேல். அதில் பொருத்த எதுவும் இல்லை, பிழைக்க எதுவும் இல்லை. நாலு கமரா என்று சொல்லிக் கோயில் சபையிடம் காசு பேசினால், நாலையும் கண்ணால் பொருத்துகிற நேரத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள். சபையாரும் கமராவின் எண்ணிக்கையைக் கேட்காமல், எந்தக் கமராவின் ஒலியை வைக்கப் போகிறாய் என்று கேளுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு தரம் கோணம் மாற்றுவதையும் விடுங்கள். தவில்காரரின் ஒரு கோர்வை முடிவதற்குள் ஐந்து இடத்தில் இருந்து அவரைப் பார்த்து என்ன பயன்?

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இது அளவெட்டி. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி இணுவிலில் பிறந்து இங்கே வாழ்ந்தவர். 1933இல் பிறந்தவர், 1975இல் போய்விட்டார், நாற்பது கடந்து சொற்ப காலம். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்துப் பக்கத்தில் இருத்திய கை அது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், கலைப் பண்பாட்டுப் பிரிவில் விருது கிடைத்தது. என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் இந்த ஊரின் பெயரோடுதான் வெளியே போனது. தட்சணாமூர்த்தியை என் தலைமுறை ஒலிப்பதிவுகளில்தான் கேட்டது. கேட்டுக் கேட்டு, அந்த இடத்தில் எந்த விரலாக இருக்கும், கழியை எங்கே வைத்திருப்பார் என்று இன்றைக்கும் பழகுகிறவர்கள் தங்களுக்குள் வாதாடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன், தேத்தண்ணிக் கடையில் மேசையில் தட்டித் தட்டி வாதாடுவார்கள். அன்று கையில் கமரா இல்லை, அது காலத்தின் குறை. இன்று ஒவ்வொரு சட்டைப் பையிலும் இருக்கிறது. நாங்கள் கையையும் சத்தத்தையும் பதிந்து வைத்துவிட்டு, இரண்டையும் பிழையாக ஒட்டிக் கொடுத்தால், நாற்பது வருடம் கழித்து வாதாடுகிறவன் எங்களை என்ன சொல்வான்?

வெளியிலும் ஒரு கதை இருக்கிறது. 1972 ஜனவரியில் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத் தேவாலயம் ஒன்றில் அரீதா பிராங்ளின் இரண்டு இரவு பக்திப் பாடல்கள் பாடினார். சிட்னி பொலக் என்ற இயக்குநர் பல கமரா வைத்து அதைப் படமாக்கினார். ஒலியைத் தனியாகப் பதிந்தார்கள். ஒன்றை மட்டும் செய்யவில்லை, கிளாப் பலகை அடிக்கவில்லை. ஒலித்தட்டு அந்த வருடமே வெளிவந்து பெரிய புகழ் பெற்றது. படமோ பெட்டிக்குள் போனது, மணிக்கணக்கான காட்சியில் எந்தத் துண்டு எந்த ஒலிக்கு என்று அன்று பொருத்த முடியவில்லை. பல பத்து வருடம் கழித்து, அலன் எலியட் என்ற தயாரிப்பாளர் அந்தச் சுருள்களை வாங்கி, கணினியின் உதவியால் பொருத்தி எடுத்தார். இடையில் வழக்கும் வந்தது. கடைசியில் 2018 நவம்பரில் படம் திரைக்கு வந்தபோது பாடியவர் இறந்து மூன்று மாதம். எடுத்த பொலக் இறந்து பத்து வருடம். இரண்டு இரவுக் கச்சேரி, நாற்பத்தாறு வருடம். பலகை அடித்திருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு செக்கன் போயிருக்கும்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. படமும் ஒலியும் பொருந்தாமல் கிடந்தாலும் இரண்டையும் யாரும் அழிக்கவில்லை. அதனால்தான் பிறகு ஒருவரால் திருத்த முடிந்தது. நாங்கள் என்ன செய்கிறோம்? ஹைலைற்ஸ் கொடுத்த மறுநாள் மெமரி கார்ட்டை அழித்து அடுத்த கலியாணத்துக்குப் போகிறோம்.

ஒரு முஸ்லிம் வாத்தியாருக்குக் கோயில் மேளத்தில் என்ன இவ்வளவு அக்கறை என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். ஷேக் சின்ன மௌலானா சாகிப் சிறீரங்கத்தில் இருந்து நாதஸ்வரம் வாசித்த தமிழ் உலகம் இது, அந்தக் கேள்விக்கு அது போதும். ஆனால் எனக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று நாங்கள் சோனகதெருவை விட்டுப் போகத் தந்த நேரம் இரண்டு மணித்தியாலம். உம்மா உடுப்பையும் பிள்ளைகளையும் எடுத்தா. அல்பம் அலுமாரியில் நின்றுவிட்டது. மாமாவின் கலியாணத்தில் எடுத்த வீடியோக் கசெற் ஒன்றும் அதோடு போனது, அதில் எங்கள் அப்பா, வாப்பாவின் வாப்பா, ஒரு பைத் பாடினாராம். புத்தளத்தில் வளரும்போது, அவர் எப்படிப் பாடினார் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பாடிக் காட்டுவார்கள். எது சரி என்று ஒத்துப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. பதிவு இருந்தும் அதைக் கெடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

கதையை முடிக்கிறேன். திருத்திய வீடியோவை வித்துவானுக்குப் போட்டுக் காட்டினோம். இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார், பிறகு திறந்து பார்த்தார், மறுபடி மூடினார். கடைசியில், "ஓம், இப்ப நான்தான்" என்றார். உடனேயே, பன்னிரண்டாவது நிமிடத்தில் தான் ஒரு சொல்லைப் பிழையாக வாசித்திருப்பதாகவும் அதை வெட்டிவிட முடியுமோ என்றும் கேட்டார். அது முந்தின பதிப்பில் தெரியவே இல்லையாம்! வெட்டவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

பேரனுக்குப் புதிய இணைப்பை அனுப்பியிருக்கிறோம். பழையதை யூடியூப்பில் இருந்து எடுத்துவிட்டோம். யாராவது தரவிறக்கி வைத்திருந்தால், தயவுசெய்து அழித்துவிட்டுப் புதியதை எடுங்கள், அதை வைத்துப் பிள்ளைகளைப் பழக்க வேண்டாம்.

அடுத்த மாதம் அதே வித்துவானைத் தனியாக இருத்தி, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகவும் பிறகு வேகமாகவும் வாசிக்கச் சொல்லிப் பதியப் போகிறோம். திருவிழா இல்லை, சனம் இல்லை, ஒரு அறையும் இரண்டு கமராவும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு தனி அடி அடிக்க அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். திருத்தாத முழுப் பைல்களையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைப்போம், ஒன்று அவர் வீட்டில், ஒன்று என்னிடம். எடிட்டிங் பழக விரும்பும் பிள்ளைகள், எந்தப் பள்ளிக்கூடமானாலும், வரலாம். பழைய திருவிழாக் கசெற் வீட்டில் வைத்திருப்பவர்கள், பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எறிய முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.

உறுதியான ட்ரைபொட் ஒன்று குறைகிறது. யாரிடமாவது சும்மா கிடந்தால் இரண்டு நாள் இரவல் தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.